உடல்நலம் அறிவோம்: முள்ளந்தண்டு முளையும் மூச்சுத் தொல்லையும்

வயதான தாய்மார் பலருக்கு நாரி உளைவும் கழுத்து நோவும் பழகிப்போனவை. கூடவே இருமலும் இளைப்பும் வந்தால், "வயது போனால் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அபூர்வமாக, முள்ளந்தண்டில் ஏற்படும் மாற்றமே சுவாசப்பைக்கும் தொல்லை தருவதுண்டு.

முள்ளந்தண்டு, சிறு எலும்புகளின் அடுக்கு. வயது ஏற ஏற அவற்றுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டுகள் தேய்கின்றன. எலும்பின் விளிம்பில் புதிய எலும்பு முளைக்கிறது. நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்கு இது உண்டு. பெரும்பாலும் தீங்கில்லை.

நெஞ்சுப் பகுதியில் இம்முளைகள் அதிகமாக வலப்பக்கத்திலேயே வளரும். இடப்பக்கம் பெருநாடி ஓயாமல் துடிப்பதால் அங்கே எலும்பு வளர்வது தடைப்படுகிறது என்பது வைத்தியர்களின் விளக்கம். பெரிய முளை, அருகிலுள்ள சுவாசப்பையை அழுத்தும். அந்தச் சிறு இடம் சுருங்கித் தழும்பாகலாம். படத்தில் நிழலாகத் தெரிந்தால் காசநோயோ, புற்றுநோயோ என்று மனம் பதறும். சி.ரி. ஸ்கான் எடுத்தால் முளையும் தழும்பும் அருகருகே இருப்பது தெரியவரும். இத்தழும்பு பொதுவாக அந்த இடத்தோடு நின்றுவிடும்.

கழுத்தில் வளரும் முளைக்கே கூடுதல் கவனம் வேண்டும். அது முன்பக்கமாக வளர்ந்து உணவுக்குழாயை நெருக்கினால் விழுங்குவது கடினமாகும். உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் போய், நியூமோனியா திரும்பத் திரும்ப வரலாம். மருந்தால் சுரம் மாறும், காரணம் மாறாது.

ஆகவே, வீட்டில் முதியவர் இருந்தால் கவனியுங்கள்:

* சாப்பிடும்போது அடிக்கடி புரைக்கேறுகிறதா?
* சோறு தொண்டையில் நிற்பதாகச் சொல்கிறாரா?
* சாப்பிட்டபின் குரல் கரகரக்கிறதா?
* சளிச் சுரம் மீண்டும் மீண்டும் வருகிறதா?

இவற்றை வைத்தியரிடம் ஒன்றாகச் சொல்லுங்கள். இருமலை ஒருவரிடமும் கழுத்து நோவை இன்னொருவரிடமும் தனித்தனியே சொன்னால் தொடர்பு புலப்படாது. பழைய எக்ஸ்ரே படங்களையும் கொண்டு செல்லுங்கள். உடலில் எறிகணைச் சிதறல் இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் தெரிவியுங்கள்.

நிமிர்ந்து இருந்து, மென்மையான உணவைச் சிறிது சிறிதாக உண்பது பலருக்கு உதவும். விழுங்கும் பயிற்சியும் உண்டு. மிகக் கடுமையானால் சத்திரசிகிச்சை மூலம் முளையை அகற்றுவர்.

ஒன்றை மறவாதீர்கள். இது அபூர்வமான காரணம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இது இலவசம். சளியில் இரத்தம், உடல் மெலிவு இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

வயதைக் காரணம் சொல்லி நோயைப் பொறுத்திருக்கத் தேவையில்லை. கேளுங்கள், காரணம் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.