கோவில்பட்டியில் இருக்கிற ஹொக்கி கொழும்பு 13இல் ஏன் இல்லை?

1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குக் கப்பலில் போன இந்திய ஹொக்கி அணி வழியில் கொழும்பில் இறங்கியது. தியான் சந்தும் அவருடைய தம்பி ரூப் சிங்கும் இருந்த அணி அது. இலங்கையில் அகில இலங்கை அணியோடு இரண்டு போட்டிகள் விளையாடினார்கள். ஒன்றில் 20–0, மற்றதில் 10–0. இரண்டிலும் நமக்குப் பூச்சியம்.

கேட்டவுடனே சிரிப்பு வரும். ஆனால் அதே அணி லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் ஜப்பானை 11–1, அமெரிக்காவை 24–1 என்று அடித்தது. அந்த ஒலிம்பிக்கில் ஹொக்கிக்கு வந்ததே மூன்று அணிகள்தான். அதனால் 24 கோல் வாங்கிய அமெரிக்காவுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அந்தக் கணக்கைப் பார்த்தால் இலங்கை அணியும் ஒரு டிக்கெட் எடுத்துக் கப்பலில் ஏறியிருக்கலாம் போல!

பகிடியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவோம். கொழும்புத் துறைமுகத்துக்கும் ஜிந்துப்பிட்டிக்கும் இடையில் நடை தூரம்தான். உலகத்தின் தலைசிறந்த ஹொக்கி அணி வந்து இறங்கின துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்களில் கனபேர் எங்கட பகுதிக்காரர்கள். அப்படியிருந்தும் இன்றைக்கு ஜிந்துப்பிட்டிச் சந்துகளில் ஒரு ஹொக்கி மட்டையைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். டெனிஸ் பந்தும் கிரிக்கெட் மட்டையும் எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். உதைபந்தாட்டத்துக்குக் கொட்டாஞ்சேனையில் ரட்ணம் விளையாட்டுக் கழகம் இருக்குது. ஹொக்கி என்றால், பாடசாலை அணியில் இடம் கிடைத்த ஒரு சிலரோடு முடிந்துவிடும். பாடசாலை விட்டு வெளியே வந்ததும் மட்டை மூலைக்குப் போய்விடும்.

இது திறமையில்லாததால் வந்த நிலைமை இல்லை என்பதுதான் எங்கட வாதம். ஒரு விளையாட்டு ஒரு ஊரில் வேர் பிடிக்கிறதுக்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். அந்த ஏற்பாடுகள் எங்களுக்கு வாய்க்கவில்லை. ஏன் வாய்க்கவில்லை என்று கதைக்கத்தான் இந்தக் கட்டுரை.

கழகங்களின் வாசல்

பிரித்தானியர் காலத்துக் கொழும்பில் விளையாட்டு என்பது கழகங்களின் சொத்து. அந்தக் கழகங்களின் பெயர்களைப் பார்த்தாலே விளங்கும்: சிங்களிஸ் ஸ்போர்ட்ஸ் கிளப், மூர்ஸ் ஸ்போர்ட்ஸ் கிளப், மலே கிரிக்கெட் கிளப், பேர்கர் ரிக்ரியேஷன் கிளப். தமிழருக்கு 1899இல் தமிழ் யூனியன் வந்தது. அதன் ஓவல் மைதானத்தில்தான் 1948இல் டொன் பிரட்மன் விளையாடினார், 1982இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டியும் நடந்தது. முரளிதரனும் அந்தக் கழகத்தின் வீரர்தான். பெருமைப்பட வேண்டிய வரலாறு, மறுக்கவில்லை.

ஆனால் கழகம் என்றால் அங்கத்துவம், சந்தா, வெள்ளைக் காற்சட்டை, ஆங்கிலம். 'தமிழ்' என்ற பெயர் வாசலில் இருந்தாலும், துறைமுகக் கூலிக்காரரின் பிள்ளைக்கும் செட்டியார் தெருவில் நகை செய்கிறவரின் பிள்ளைக்கும் அந்த வாசல் இலகுவாகத் திறந்திருக்காது. கிரிக்கெட் இந்த வாசலைத் தாண்டி வந்துவிட்டது. காரணம், ஒரு பலகைத் துண்டும் ஒரு பந்தும் இருந்தால் கிரிக்கெட்டைச் சந்துக்குள் கொண்டுவரலாம். ஹொக்கி அப்படி வரவில்லை. மைதானம் உள்ளவர்களிடமே தங்கிவிட்டது.

அப்படியென்றால் ஹொக்கி பணக்காரர்களின் விளையாட்டா? இல்லவே இல்லை. அதுக்குச் சாட்சி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குது.

தீப்பெட்டி ஊரின் கதை

எங்கட பகுதியில் இருக்கிற கனபேரின் பூட்டன்மார் தூத்துக்குடியில் கப்பல் ஏறி வந்தவர்கள். அதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் கோவில்பட்டி இருக்குது. நமக்குத் தெரிந்த கோவில்பட்டி கடலைமிட்டாய்க் கோவில்பட்டி. 2020இல் அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தீப்பெட்டித் தொழிலுக்கும் பேர் போன ஊர். கரிசல் மண், மழை குறைவு, வசதியான ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த ஊரைத் தமிழ்நாட்டில் ஹொக்கி ஊர் என்றே சொல்கிறார்கள். லட்சுமி அம்மாள் நினைவுக் கிண்ணத்துக்கான அகில இந்திய ஹொக்கிப் போட்டி அங்கேதான் நடக்கிறது. இந்தியா முழுக்க இருந்து பெரிய அணிகள் வரும், ஊரே போய்ப் பார்க்கும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹொக்கி விடுதி அங்கே இருக்குது, செயற்கைப் புற்தரை மைதானமும் வந்துவிட்டது. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் தமிழ்நாட்டுக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிப் பொடியன். கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், அவரும் கோவில்பட்டி விடுதியில் பயிற்சி எடுத்தவர்தான். அடுத்த வருஷம் சென்னையில் ஆசிய சம்பியன்ஸ் கிண்ணத்தை இந்தியா வென்றபோதும் கார்த்தி அணியில் இருந்தார்.

இதன் அர்த்தம் விளங்க வேண்டுமென்றால் இன்னொரு கணக்கும் தெரிய வேண்டும். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் வி. பாஸ்கரன், தமிழ்நாட்டுக்காரர். புனேக்குப் பக்கத்தில் கட்கியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை தன்ராஜ் பிள்ளை நான்கு ஒலிம்பிக் விளையாடினார். பிறகு 2004இல் ஏதென்ஸுக்குப் போன ஆடம் சின்கிளேயரோடு தமிழ்நாட்டின் ஒலிம்பிக் ஹொக்கி வரிசை நின்றுபோனது. அந்த வறட்சிக்குப் பிறகு நம்பிக்கை முளைத்தது சென்னை மாதிரிப் பெரிய நகரத்தில் இல்லை, ஒரு தீப்பெட்டி ஊரில்.

கோவில்பட்டி மட்டுமில்லை. பஞ்சாப்பில் ஜலந்தருக்குப் பக்கத்தில் சன்சார்பூர் என்று ஒரு கிராமம், 14 ஒலிம்பிக் ஹொக்கி வீரர்களைத் தந்திருக்குது. கர்நாடகத்தின் குடகு மலையில் 1997இல் பாண்டண்ட குட்டப்பா என்பவர் குடும்பங்களுக்கு இடையில் ஒரு ஹொக்கித் திருவிழாவைத் தொடங்கினார். முதல் வருஷம் 60 குடும்ப அணிகள். இப்போது அது 300ஐத் தாண்டிவிட்டது. அப்பா, மகன், மருமகள், பேத்தி எல்லாரும் ஒரே அணியில் இறங்குவார்கள். நம்ம ஊரில் ஆடிவேலுக்குச் சனம் கூடுற மாதிரி அங்கே ஹொக்கிக்குக் கூடுது. இலங்கைக்குள்ளேயே மாத்தளை இருக்குது. ஹொக்கி என்றால் மாத்தளை என்று சொல்கிற அளவுக்கு அந்த ஊர்ப் பாடசாலைகளும் மக்களும் அதைத் தங்கட விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஊர்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும். யாரும் இறங்கி விளையாடக்கூடிய ஒரு வெறும் தரை இருந்தது. விளையாடி முடித்த அண்ணன்மார் ஊரிலேயே நின்று தம்பிமாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஊர் காத்திருக்கிற ஒரு போட்டி வந்தது. கடைசியில், விளையாடினால் ஒரு வேலையும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. இந்தியாவில் ரயில்வே, பொலிஸ், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீடு கனபேருக்குச் சோறு போட்டது.

புல்லை மாற்றியவர்கள்

எங்களுக்கு இதில் எது இருக்குது? முதலில் தரையைப் பார்ப்போம்.

1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஹொக்கியைச் செயற்கைப் புற்தரையில் விளையாட வைத்தார்கள். 1928இலிருந்து ஒவ்வொரு முறையும் பதக்கம் எடுத்த இந்தியா அந்த வருஷம் ஏழாவது இடத்துக்குப் போனது. மண்ணிலும் புல்லிலும் பந்தை மட்டையோடு ஒட்டிவைத்து ஆடுகிற தெற்காசியக் கலைக்கு அது பெரிய அடி. புதுத் தரையில் வேகமும் உடல்பலமும் முன்னுக்கு வந்தன. அந்தத் தரையைப் போடப் பெரிய காசு வேண்டும், ஒவ்வொரு போட்டிக்கும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், சில வருஷத்தில் மாற்றவும் வேண்டும். பணக்கார நாடுகள் தரை தரையாகப் போட்டுக்கொண்டு போக, மற்ற நாடுகளின் பிள்ளைகள் மண்ணில் பழகி, போட்டிக்கு மட்டும் செயற்கைத் தரையில் ஏறினார்கள். 1980க்குப் பிறகு இந்தியாவுக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 41 வருஷம் எடுத்தது.

கொழும்பில் றீட் அவெனியூவில் செயற்கைத் தரை மைதானம் இருக்குது. ஜிந்துப்பிட்டிப் பிள்ளைக்கு அது பஸ் ஏறிப் போகிற தூரம்தான். ஆனால் விளையாட்டு பஸ் ஏறிப் போய்ப் பழகுகிற காரியமில்லை. பாடசாலை விட்டு வந்து, உடுப்பை மாற்றி, அம்மா கூப்பிடுகிற வரைக்கும் விளையாடுகிற இடத்தில்தான் அது பழக்கமாகும். அந்த இடம் எங்களிடம் இல்லை. இருந்த சின்ன வெளிகளும் களஞ்சியமாகவும் வாகனத் தரிப்பிடமாகவும் மாறிக்கொண்டு போகுது. தோட்டங்களை உடைத்து மாடி வீடு கொடுக்கிறார்கள். வீட்டுக்குக் கழிவறை வந்தது நல்லது, அதைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் பத்தாம் மாடியில் இருக்கிற பிள்ளை எங்கே பந்து உருட்டும் என்று திட்டம் போட்டவர்கள் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

2019இல் வந்த 'நட்பே துணை' படத்தை எங்கட செட்டில் கனபேர் பார்த்திருப்போம். ஹிப்ஹொப் ஆதி நடித்தது, ஒரு ஹொக்கி மைதானத்தைக் காப்பாற்றுகிற கதை. படத்தில் கடைசி மெட்சில் ஜெயித்தால் மைதானம் மிஞ்சும். நிஜத்தில் மைதானம் போகிறதுக்கு முன்னம் யாரும் மெட்ச் வைக்கிறதில்லை.

கதைக்கத் தயங்குகிற ஒன்று

தரையை விடக் கஷ்டமான விஷயம் வேலை. இலங்கையில் தேசிய மட்ட ஹொக்கியில் தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள்தான் பலமானவை. ஒரு பொடியனோ பிள்ளையோ ஹொக்கியை வைத்துச் சம்பளம் எடுக்க வேண்டுமென்றால் நேரான வழி அந்தச் சீருடைதான். முப்பது வருஷப் போருக்குப் பிறகு ஒரு தமிழ்க் குடும்பம் அந்த வழியை எப்படிப் பார்க்கும் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. பாடசாலை முடிந்ததும் எங்கட பிள்ளைகளின் மட்டை மூலைக்குப் போகிறதுக்கு இது முக்கியமான காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். இதைப் பகையாகச் சொல்லவில்லை. வங்கிகள், கம்பனிகள், துறைமுகம் மாதிரியான நிறுவனங்கள் ஹொக்கி அணிகளை வைத்து விளையாட்டுக்காரருக்கு வேலை கொடுத்தால் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் இன்னொரு வாசல் திறக்கும். கொழும்பு 13இல் நின்றுகொண்டு துறைமுகத்திடம் இதைக் கேட்கிறது பெரிய ஆசை இல்லை.

'வாடகை கட்டவே வழியில்லை, இதில் ஹொக்கியா?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கட பகுதியின் பேரைக் கேட்டதும் வெளியாட்கள் என்ன கதைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். குடு, சண்டை, பொலிஸ். பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை எங்கே நிற்குது என்பது வாடகை அளவுக்கு முக்கியமான கேள்வி. பெண் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மணித்தியாலமும் வீட்டுக்குள்தான். சந்துக் கிரிக்கெட்டில் அவர்களை யாரும் சேர்க்கிறதில்லை. குடகில் பேத்தியும் தாத்தாவும் ஒன்றாக இறங்குகிற விளையாட்டு இங்கே அவர்களுக்கு ஒரு வழியாக இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

பெரிய மைதானம் கேட்டால் கிடைக்காது என்று தெரியும். அதனால் சின்னதாகக் கேட்கிறோம். இப்போது அணிக்கு ஐந்து பேர் விளையாடுகிற ஹொக்கி வந்துவிட்டது. 2014 இளையோர் ஒலிம்பிக்கில் அதை விளையாடினார்கள். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் அதுக்கு முதலாவது உலகக் கிண்ணமும் நடந்தது. முழு மைதானத்தின் பாதியளவு இடம் போதும். பழகுறதுக்கு ஒரு பாடசாலை முற்றமோ கோயில் வீதியோ கூடக் காணும்.

எங்கட பகுதியில் மதில் கட்டின பாடசாலை மைதானங்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பூட்டித்தான் கிடக்குது. அந்த மூன்று மணித்தியாலம் அவற்றைத் திறந்துவிடலாம். பாடசாலை அணியில் விளையாடிப் பட்டம் வாங்கின பழைய மாணவர்கள் வருஷா வருஷம் டின்னர் வைக்கிறார்கள். ஒரு டின்னர் காசில் எத்தனை மட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் ஒரே தெருவில் இருக்கிற பகுதி எங்களுடையது. மூன்றும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு ஐவர் போட்டி வைத்தால் நாலைந்து வருஷத்தில் அது ஊர் வழக்கமாகிவிடும். குடகுக்காரர்களும் ஒரு வருஷத்தில் 300 குடும்பத்தைச் சேர்க்கவில்லை.

கம்பஸில் கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கும் வேலை இருக்குது. எங்கட தாத்தாமார் என்ன விளையாடினார்கள், எந்த வெளியில் விளையாடினார்கள், அந்த வெளி எப்போது மதிலுக்குள் போனது என்று கேட்டு எழுத வேண்டும். 1932 போட்டிகளின் கோல் கணக்கு வரைக்கும் புத்தகத்தில் இருக்குது. அந்தக் கப்பலில் மூட்டை இறக்கினவர்களின் பின்னேரங்களைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். வருகிற விடுமுறையில் நாங்கள் அதைத் தொடங்கப் போகிறோம். பழைய படம், கிண்ணம், அணிப் பட்டியல் உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால் குப்பைக்குப் போட வேண்டாம். எடுத்து வையுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்.