மண்ணுதானே சார்!

காவலூருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கத்தான் போகிறார்கள். புவியியல் வாத்தியாராக இருந்த நானும் பிள்ளைகளை ஆலங்காயம் வழியாக வைணு பாப்பு வானாய்வகத்துக்குப் பலமுறை கூட்டிப்போயிருக்கிறேன். 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் இந்த மலைக்கும் பங்குண்டு என்று பெருமையாகச் சொல்வேன். காலடி மண்ணைக் காட்டியதில்லை. அது என் தப்பு.

போன மாதம் பேரனோடு போனபோது, வழியில் ஒரு சரிவை ஜேசிபி வைத்துச் சுரண்டி டிப்பரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏம்ப்பா இப்படி என்று கேட்டேன். "மண்ணுதானே சார், நாலு மழை பேஞ்சா வந்துடும்" என்றார் ஒருவர்.

வராது ஐயா. ஜவ்வாது மலைப் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. அது வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, விரிசல் விடும். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக அந்த விரிசலில் இறங்கும். பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் சிதைந்து களிமண்ணாகும். குவார்ட்ஸ் கரையாமல் மணலாக நிற்கும். இரும்பு துருவேறிச் சிவப்பைத் தரும். அப்போதும் அது பொடிதான். வேரும் புழுவும் கறையானும் இலைச்சருகும் சேர்ந்த பிறகே மண்.

ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் ஆகும். குறைத்து 200 என்றே வையுங்கள். ஓரடிக்கு 6,000 ஆண்டு. கீழடியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பழசு. ஜேசிபிக்கு அரை நாள் வேலை.

பள்ளம் நிரப்ப எடுக்கும் மண்ணை 2000இல் ஒன்றிய அரசு சிறுகனிமப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அதற்குப் பெயர் 'சாதாரண மண்'. எது சாதாரணம்?

வீடு கட்ட வேண்டாமா, ரோடு போட வேண்டாமா என்பீர்கள். வேண்டும். பள்ளத்தை மேடாக்க, இடித்த கட்டடச் சிதிலமும் குவாரிக் கழிவும் போதாதா? வயலுக்கு மண் வேண்டுமென்றால் ஏரியில் வண்டல் கிடக்கிறது. அது மலையிலிருந்து இறங்கி வந்ததுதான், தாராளமாக அள்ளுங்கள். சரிவின் மேல்மண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். மலைமக்களின் சாமை விளைவது அந்த ஓரடிக்குள்தான். அது போனால் அடுத்த மழை பாறைமேல் விழுந்து அப்படியே ஓடிவிடும்.

உங்கள் ஊர்ச் சரிவில் டிப்பர் நின்றால், அனுமதிச் சீட்டு எங்கே என்று கேளுங்கள். நம் வயதுக்கு அந்தளவு உரிமை உண்டு.