துடுப்புக்கு ஓய்வு கொடுத்த குட்டி மோட்டார்

கப்பல் என்றால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். விசைப்படகு சீறிக்கொண்டு போனால் செல்போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். நாலு பேர் உட்காரும் சின்னப் படகின் பின்பலகையில் தொற்றிக்கொண்டு, 'டுட்டுட்டு' என்று போகும் குட்டி மோட்டாரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு காதல் கதையே இருக்கிறது!

ஓலே எவின்ரூட் 1877-ல் நார்வேயில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்துவிட்டார். ஏரிகள் நிறைந்த ஊர் அது. ஒரு கோடை நாளில் ஏரிக்கரைக்குப் பிக்னிக் போனபோது, காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாராம். ஓலே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கித் திரும்புவதற்குள், வெயிலில் ஐஸ்கிரீம் உருகிப் பாயசமாகிவிட்டது. படகுக்கு ஒரு மோட்டார் இருந்தால் என்ன என்ற யோசனை அன்றுதான் பிறந்தது என்று சொல்வார்கள்.

வேறு சிலரும் அதற்கு முன்பே முயன்றிருந்தார்கள். ஆனால், கழற்றி மாட்டும் மோட்டாரைச் சாதாரண மனிதர்களின் கைக்குக் கொண்டுவந்ததில் ஓலேவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1909-ல் விற்பனைக்கு வந்த அவருடைய மோட்டாரின் சக்தி ஒன்றரை குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. அதற்குள் மனைவியாகிவிட்ட பெஸ்தான் விளம்பரம் எழுதினார்; வியாபாரத்தையும் கவனித்தார். அவர் உடல்நலம் குன்றியபோது, ஓலே நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலில் தன் பங்கை விற்றுவிட்டு மனைவியோடு பயணம் கிளம்பினார். பிறகு அலுமினியத்தில் எடை குறைந்த புது மோட்டாரோடு இருவரும் மீண்டும் கடை விரித்தார்கள். 1933-ல் பெஸ் காலமானார். அடுத்த ஆண்டே ஓலேவும் போய்ச் சேர்ந்தார்.

சரி, இத்தனை சின்ன மோட்டார் போதுமா? போதும். படகு நகரும்போது முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. நாலு மீட்டர் படகு மணிக்கு 9 கிலோமீட்டரை எட்டியதும், தானே எழுப்பிய அலைக்குள் சிக்கிக்கொள்கிறது. அதைத் தாண்டி நீர்மேல் சறுக்கிப் பறக்க வேண்டுமானால்தான் பெரிய மோட்டார் தேவை. பறக்க வேண்டாம் என்பவருக்கு இரண்டு, மூன்று குதிரைத்திறனே தாராளம். மெதுவாகச் சைக்கிள் மிதிக்கும் வேகம். கரையோர நாணலும், அதில் ஒளிந்திருக்கும் கொக்கும் கண்ணில் படுவது இந்த வேகத்தில்தான்.

பின்லாந்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே ஏரிகளே ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். கோடை வீடுகள் சுமார் ஐந்து லட்சம். கரையில் ஒரு சின்னப் படகும், அதில் ஒரு குட்டி மோட்டாரும் பல குடும்பங்களுக்கு வீட்டுச் சாமான் மாதிரி. மீன் பிடிக்க, பக்கத்துத் தீவுக்குப் போக, சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவர எல்லாவற்றுக்கும் அதுதான்.

அதை இயக்குவதே ஒரு சுகம். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து, பெட்ரோல் குழாயைத் திருப்பி, சோக்கை இழுத்து, கயிற்றைச் சுண்டினால் உறுமல் கேட்கும். தண்ணீரால் குளிரும் மோட்டார் என்றால், பின்பக்கம் மெல்லிய நீர்த்தாரை பீச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். தாரை வந்தால் உள்ளே பம்பு வேலை செய்கிறது. வராவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். முதலில் குழப்பும். அரை மணி நேரத்தில் கை தானாகப் பழகிவிடும்.

நம் கடற்கரையில் கதை வேறு. இங்கே அது பொழுதுபோக்கு அல்ல, சோறு. கட்டுமரத்தில் பாயும் துடுப்புமாகப் போனவர்களின் பிள்ளைகள், இன்று ஃபைபர் படகின் பின்னால் இன்ஜின் மாட்டிப் போகிறார்கள். கரை சேர்ந்ததும் இன்ஜினைக் கழற்றித் தோளில் சுமந்து போய்ப் பத்திரப்படுத்துவார்கள். கடல் நடுவே அது நின்றுபோனால் என்ன ஆகும் என்பது அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும்.

சின்ன மோட்டார்தானே என்ற அலட்சியம் மட்டும் எங்கேயும் கூடாது. மோட்டாரில் தொங்கும் சுருள் கயிற்றைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஓட்டுபவர் அதைக் கையிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். தவறி அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும். மாட்டாவிட்டால், ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரக்கூடும். விசிறி சின்னதுதான்; ஆனால் ஆளை வெட்ட அது போதும்.

அடுத்த முறை ஏரியிலோ காயலிலோ சின்னப் படகில் ஏறும் வாய்ப்புக் கிடைத்தால், முதலில் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொள்ளலாம். ஓட்டுபவர் அந்தக் கயிற்றை மாட்டியிருக்கிறாரா என்று ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். அதன்பிறகு, "கொஞ்சம் மெதுவாகவே போங்கண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். அக்கரை எங்கேயும் ஓடிப்போய்விடாது!