ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள்

சித்திரா பௌர்ணமியன்று மாலை நமது பங்குமனையின் கதவு தட்டப்பட்டது. அந்நாளில் திருவண்ணாமலையில் ஒருவர் மற்றொருவரைத் தேடிச் செல்வது எத்துணை அரிது என்பதை இந்நகரை அறிந்த வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் மனிதத் தலைகள். வெளியூர்ப் பேருந்துகளோ நகரின் எல்லையிலுள்ள தற்காலிக நிலையங்களோடு நின்றுவிடும். அப்படியிருந்தும், செங்கம் சாலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் அவருடைய மகனும் பேருந்து விட்ட இடத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்திருந்தனர். மகனுடைய தோளில், பழைய சேலையில் சுற்றப்பட்ட ஒரு பெட்டி. அவிழ்த்துப் பார்த்தால் கணிப்பொறி!

"இதுக்குள்ளதான் சாமி அவர் இருக்கார். இப்போ காணோம்னு சொல்றாங்க" என்றார் அந்தத் தாய்.

அவருடைய கணவர் பள்ளி ஆசிரியர். சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தவர். ஊர்ப் பெரியவர்களைப் பற்றித் தாமே தட்டச்சு செய்த பக்கங்கள், பிள்ளைகளின் புதுநன்மைப் படங்கள், பாடகர் குழுவில் தாம் பாடிப் பதிவு செய்த பாடல்கள் யாவற்றையும் இப்பெட்டியில்தான் சேர்த்து வைத்திருந்தார். ஜூன் மாதம் வரவிருந்த முதலாண்டு நினைவுக்கு ஒரு சிறு மலர் வெளியிடக் குடும்பத்தார் எண்ணினர். ஆனால் அவருடைய கடவுச்சொல் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. நகரத்துக் கடையொன்றில் கொடுத்தனர். கடைக்காரர் ஒரே நாளில் திறந்து கொடுத்துவிட்டார். பொறி திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை. ஒரு படமில்லை, ஒரு பாடலில்லை. புதிதாக வாங்கிய பெட்டியைப் போல் வெறுமை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மகன் சற்றே தோண்டிப் பார்த்திருக்கிறான். 'சி' என்னும் வட்டில் 'யூசர்ஸ்' என்ற இடத்தில், தந்தையின் கணக்குக்கு அவர்கள் விளையாட்டாக வைத்திருந்த 'வாத்தியார்' என்ற பெயரில் ஒரு கோப்புறையும், 'வாத்தியார்.ஹோம்பிசி' என்று வாலோடு கூடிய மற்றொரு கோப்புறையும் இருந்தன. கோப்புறை என்பது பிள்ளைகள் 'போல்டர்' என்று சொல்வதுதான். முதலாவதன் அளவைப் பார்த்தால் 0 பைட் என்றது. திறக்க முயன்றால், "உமக்கு அனுமதியில்லை" என்றது. கடைக்காரரைக் கேட்டதற்கு, "அது வைரஸ் உண்டாக்கிய போலி, அழித்துவிடு, சரியாகும்" என்று தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அழிக்கக் கை வைத்த மகனை, "எதுக்கும் சாமியை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்" என்று தாய் தடுத்திருக்கிறார்.

நம்மை ஏன் கேட்க வேண்டும்? நாம் கணிப்பொறி வல்லுநர் அல்லோம். இவ்விஷயத்தில் நாம் ஒரு முறை சூடுபட்டவர் என்பதைப் பங்கு மக்கள் அறிவர், அவ்வளவே. மூன்றாண்டுகளுக்கு முன் பங்கு அலுவலகத்தில் கணக்கர் மாறியபோது, பழையவருடைய பயனர் கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்றை நாமே உருவாக்கினோம். நீக்கும்போது, கோப்புகளை வைத்துக்கொள்ளலாமா அழித்துவிடலாமா என்று பொறி தெளிவாகவே வினவியது. அதே பெயரில்தானே மீண்டும் தொடங்கப்போகிறோம், பெயர் ஒன்றாயிருந்தால் எல்லாம் தானே திரும்ப வந்துவிடும் என்ற எண்ணத்தில், 'அழி' என்பதை அழுத்தினோம். இரண்டாண்டு வரவு செலவு போயிற்று. பற்றுச்சீட்டுகளைக் கூடத்தில் பரப்பி, நான்கு மாதம் மறுபடியும் எழுதினோம்.

பெயரைக் கொண்டுதான் கணிப்பொறி நம்மை அறிகிறது என்பது பொதுவான தவறான எண்ணம். விண்டோஸ் முறைமை ஒவ்வொரு கணக்கையும் ஒரு நீண்ட எண்ணால் அறிகிறது. 'எஸ்-1-5-21' எனத் தொடங்கும் அந்த அடையாள எண், கணக்கு பிறக்கும்போதே அதற்கு அளிக்கப்படுவது. பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை உருவாக்கினால், புதியதற்குப் புதிய எண்ணே கிடைக்கும். பொறியின் பார்வையில் அவர் வேறொரு மனிதர்.

நமது ஞானஸ்நானப் பதிவேட்டைப் பராமரிக்கும் எவருக்கும் இது புதிதன்று. அந்தோணி மகன் சவரிமுத்து என்று ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் கொண்டோர் ஒரே ஏட்டில் மூவர் இருப்பர். சென்னையிலோ பெங்களூரிலோ திருமணமாகும் ஒருவரைப் பற்றிய அறிவிப்பு வரும்போது, பெயரை மட்டும் பார்த்து ஓரத்தில் குறித்துவிட்டால், மணமாகாத சவரிமுத்துவுக்கு நாமே மணம் முடித்துவைத்தவர் ஆவோம். ஆகவேதான் ஏடு, பக்கம், வரிசை எண் பார்க்கிறோம். கணிப்பொறியும் அதைத்தான் செய்கிறது.

அந்த எண்ணுக்கு எதிரே, இன்னாருடைய உடைமைகள் இன்ன கோப்புறையில் உள்ளன என்று பொறி தன் பதிவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. புதிய கணக்கு முதன்முறை நுழையும்போது, அதன் பெயரில் ஒரு கோப்புறை அமைக்க முற்படுகிறது. அப்பெயரில் ஏற்கெனவே ஒன்று இருப்பின், அதை மற்றவருடைய உடைமை என்று கருதித் தொடுவதில்லை. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் கணிப்பொறியின் பெயரும் சேர்த்துப் புதிய கோப்புறையை அமைக்கிறது. அதுவும் முன்பே இருக்குமானால் '.000', '.001' என்று எண் வைத்துக்கொண்டே போகும். தலையெழுத்து வைத்து நாம் ஆளை வேறுபடுத்துகிறோமே, அதைப் போன்றதே.

இப்போது நம் ஆசிரியர் வீட்டுக்கு வருவோம். கடைக்காரர் கடவுச்சொல்லை மாற்றித் தரவில்லை. கட்டளை ஒன்றைக் கொடுத்துக் கணக்கையே நீக்கிவிட்டு, அதே பெயரில் புதியதொன்றை உருவாக்கிக் கொடுத்திருக்கிறார். அம்முறையில் நீக்கினால் கணக்கு மட்டும் போகும். கோப்புறை அப்படியே நிற்கும். புதிய 'வாத்தியார்', பழைய வாத்தியாரின் அறைக்கு அந்நியர், எனவேதான் "அனுமதியில்லை". உள்ளே பார்க்க அனுமதியற்றவர் அளவைக் கேட்டால், கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் பூஜ்யம் என்றே பொறி விடை கூறும். வெறுமையென்று மகன் அழிக்கத் துணிந்தானே, அதுதான் நிறைந்த அறை! கணக்கை நீக்காமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றியிருந்தால் எண் மாறியிராது. இத்தனை அலைச்சலும் நேர்ந்திராது.

நாம் செய்தது இதுதான். முதலில், இப்போது பயன்பாட்டில் உள்ள கோப்புறை எது என்று பார்த்தோம். விண்டோஸ் விசையுடன் 'ஆர்' விசையை அழுத்தினால் ஒரு சிறு கட்டம் தோன்றும். அதில் 'யூசர்ப்ரொபைல்' என்று இடைவெளியின்றி ஆங்கிலத்தில் எழுதி, இரு புறமும் சதவீதக் குறியிட்டால், நடப்பிலுள்ள கோப்புறையே திறக்கும். வாலுள்ளதுதான் திறந்தது. பிறகு கண்ட்ரோல் பேனலில் 'சிஸ்டம்' வழியே 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' சென்று, 'யூசர் ப்ரொபைல்ஸ்' பட்டியலை வரவழைத்தோம். சற்று நேரம் யோசித்த பிறகு அது இரண்டு வரிகளைக் காட்டியது. ஒன்று வாத்தியார், சிறிய அளவு. மற்றொன்று 11 ஜிகாபைட். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அக்கவுண்ட் அன்னோன்'.

"அப்படின்னா என்ன தம்பி?" என்று தாய் மகனைக் கேட்டார்.

"யாருன்னு தெரியாத கணக்கு அம்மா" என்றான். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

எதையும் நகர்த்துமுன் நகல் எடுக்க வேண்டும். பங்கு அலுவலகத்தின் வெளிவட்டை இணைத்தோம். நிர்வாக உரிமையுள்ள கணக்கில் இருந்தபடியே பழைய கோப்புறையைத் திறந்து, அனுமதியில்லை என்ற அறிவிப்புக்குக் கீழே 'தொடர்க' என்பதை மகனைக் கொண்டே அழுத்தச் செய்தோம். பொறி உரிமையை மாற்றி எழுத ஐந்து நிமிடம் போல் ஆயிற்று. திறந்தது. படங்கள், ஆவணங்கள், பாடல்கள், முகப்பில் கிடந்தவை யாவும் இருந்தன. கோப்புறையை முழுமையாக அள்ளிப் புதியதன்மேல் கொட்டலாகாது. 'என்டியூசர்' எனத் தொடங்கும் மறைகோப்புகள் பழைய கணக்கின் அமைப்புகளைத் தாங்கியவை. அவை புதியதைக் கெடுத்துவிடும். வேண்டியவற்றை மட்டும் நகலெடுத்தோம். இணைய உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் வரவில்லை. அவை பழைய கணக்கோடு பூட்டப்பட்டவை, வாரா. அவற்றுக்காக எவரும் வருந்தவுமில்லை.

இரட்டைக் கோப்புறைக்கு வேறு காரணங்களும் உண்டு. நுழையும்போது "உம் கணக்கினுள் நுழைய இயலவில்லை" என்று பொறி கூறி, முகப்பு வெறுமையாகத் தோன்றி, 'டெம்ப்' என்றொரு கோப்புறை முளைத்திருந்தால், அது தற்காலிக இருப்பிடம் என்க. மின்சாரம் திடீரென நின்றதாலோ, வட்டு பழுதானதாலோ, வைரஸ் தடுப்புச் செயலி பிடித்துக்கொண்டிருந்ததாலோ அமைப்புக் கோப்பைப் பொறியால் படிக்க முடியாதபோது இவ்வாறு நேரும். அங்கு அமர்ந்து எதையும் எழுதிச் சேமிக்காதீர்கள்! வெளியேறிய மறுகணமே அங்குள்ளது யாவும் அழிக்கப்படும். பிள்ளைகள் இரவெல்லாம் செய்த வீட்டுப்பாடம் இவ்வாறு போவதுண்டு. வெளியேறி, பொறியை இரண்டு மூன்று முறை நிறுத்தித் தொடங்கினாலே பல நேரம் பழைய இல்லம் திரும்பிவிடும். திரும்பாவிடில், பதிவகத்தில் ஒரே எண் இருமுறை, ஒன்று '.பேக்' என்ற வாலோடு, இருக்கும். வாலுள்ளதே பெரும்பாலும் மெய்யானது. அதைத் திருத்துவது அறிந்தவர் வேலை. நகல் எடுத்த பின்பே அவரும் தொடட்டும்.

பெயரை மாற்றினால் கோப்புறையும் மாறும் என்று சிலர் எதிர்பார்க்கின்றனர். மாறாது. பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று நம் தெருக்களில் இரண்டும் நிற்பதில்லையா? 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றதால், பலர் வீடுகளில் 11-ஐப் புதிதாக நிறுவினர். அப்போது மைக்ரோசாப்ட் கணக்கைக் கொண்டு தொடங்கினால், மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து ஆங்கில எழுத்துகளே கோப்புறைக்குப் பெயராகும். ஆரோக்கியசாமி என்பவர் 'ஆரோக்கி' என்று பாதியில் நிற்பார். அதுவும் வைரஸ் அன்று.

'பப்ளிக்', 'டிபால்ட்' என்று இருப்பவற்றையும் அந்நியரென்று எண்ணித் துரத்த வேண்டா. 'டிபால்ட்' என்பது புதிய கணக்கு ஒவ்வொன்றுக்கும் அச்சாக நிற்கும் மாதிரி. ஆவணங்களும் முகப்பும் இருமுறை தோன்றினால், ஒன்று 'ஒன்டிரைவ்' என்பதற்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவையற்றது இன்னதெனத் திண்ணமாக அறிந்து, நகலும் எடுத்துவிட்ட பிறகு நீக்குவதானால், கோப்புறையை நேரே குப்பைக் கூடையில் தள்ளாமல், மேலே கூறிய 'யூசர் ப்ரொபைல்ஸ்' பட்டியலில் தேர்ந்து நீக்குவதே முறை. அப்போதுதான் பதிவகக் குறிப்பும் உடன் மறையும். உயிரோடிருக்கும் கணக்கின் கோப்புறையை நேரே அழித்தால், அவர் மறுமுறை நுழையும்போது தற்காலிக இருப்பிடந்தான் கிடைக்கும்.

அன்று நகலெடுத்து முடிய இரவு ஒன்பது மணி கடந்துவிட்டது. பாடலொன்றை மகன் திறந்து வைத்தான். பாட்டுக்கு முன்னால், ஒலிப்பதிவு தொடங்கிவிட்டதை அறியாமல், "அந்த மின்விசிறியை நிறுத்து, சத்தம் கேட்குது" என்று எவரிடமோ சொல்லும் குரல். அந்த அம்மாள் நமது கூடத்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

நினைவு மலர் ஜூன் மாதம் அச்சாகி வந்தது. நமக்கும் ஒரு பிரதி கிடைத்தது. இரண்டு வெளிவட்டுகளில் நகல் இருப்பதால் பழைய கோப்புறையை இனி நீக்கலாமென்று மகனுக்கு எழுதினோம். தாய் சம்மதிக்கவில்லையாம். 'அக்கவுண்ட் அன்னோன்' என்று இருக்கும் இடத்தில் அவருடைய பெயரை எழுத வழியுண்டா என்று சாமியைக் கேட்கச் சொன்னதாகப் பதில் வந்திருக்கிறது. நீக்கிய கணக்கின் எண்ணுக்கு மீண்டும் பெயர் சூட்ட இயலாது. அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல், அக்கடிதத்துக்கு நாம் இன்னும் விடை எழுதவில்லை.