பழசானாலும் தேக்கு தேக்குதான்!

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் வீட்டார் கடைத்தெருவுக்குக் கிளம்புகிறார்கள். கட்டில், பீரோ, மேஜை, நாற்காலி என்று பட்டியல் நீளுகிறது. கையில் உள்ள பணம் போதவில்லை. மீதிக்குத் தவணை!

பளபளவென்று அலமாரி வீட்டுக்கு வந்து சேருகிறது. இரண்டு மழைக்காலம் போகிறது. அடிப்பலகை அப்பளம் போல் உப்புகிறது. கதவின் கீல் கழன்று தொங்குகிறது. தவணை மட்டும் தீரவில்லை!

காரணம் என்ன? அது மரமே அல்ல. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. மேலே மரம் போன்ற தாளை ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் தூள் ஊறிவிடும். ஊறிய பலகையில் திருகாணி நிற்காது.

தேடிப் பார்த்தால், அந்தப் பணத்துக்கே நல்ல பழைய மர அலமாரி அகப்படும். "பழைய சாமானா? சேச்சே!" என்று முகம் சுளிப்பவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

வைரம் பாய்ந்த மரம்

முற்றிய தேக்கின் நடுப்பகுதியை 'வைரம்' என்பார்கள். அதில் இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் எளிதில் அண்டாது. ஈரத்தில் அதிகம் உப்பாது. வெயிலில் அதிகம் சுருங்காது.

வேலையும் அப்படித்தான். அந்தக் காலத்துத் தச்சர்கள் காலும் சட்டமும் சேரும் இடத்தில் துளை போட்டு, மரத்துக்குள் மரத்தைச் செருகினார்கள். நாற்காலி ஆடினால் மறுபடியும் இறுக்கிவிடலாம். ஒரு கால் ஒடிந்தால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம். ஊர்த் தச்சர் ஒருவரே போதும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். தேக்கும் அந்த ஜாதிதான்.

காரைக்குடித் தெரு

இப்படிப்பட்ட சாமான்கள் எங்கே கிடைக்கும்?

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒரு தெரு உண்டு. பழம்பொருள் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. சாய்வு நாற்காலி, கணக்குப்பிள்ளை மேஜை, பெட்டகம், ஊஞ்சல் பலகை, நிலைக்கண்ணாடி, பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே உண்டு.

அவை அங்கே வந்து குவிந்த கதை பெரிய கதை. நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் நடத்திச் செல்வம் சேர்த்தார்கள். 1850-க்கும் 1940-க்கும் இடையில் செட்டிநாட்டு ஊர்களில் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு கப்பலில் வந்து இறங்கியது.

1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. 1948-இல் பர்மா சுதந்திரம் அடைந்தது. அதன் பிறகு அங்கிருந்த நிலங்கள் அரசின் கைக்குப் போயின. வருமானம் நின்றது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். பராமரிக்க ஆள் இல்லை. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தன.

காரைக்குடிதான் என்பது இல்லை. பெரிய ஊர்களில் எல்லாம் பழைய மரச்சாமான் கடைகள் இருக்கின்றன. ஏலக் கடைகளும் உண்டு. அரசு அலுவலகங்கள் கழித்துப் போடும் மேஜை, பெஞ்சுகளையும் ஏலம் விடுவது உண்டு. ஏல அறிவிப்புகளைக் கவனித்து வந்தால் நல்ல மரம் அகப்படும்.

சென்னையில் ஒரு காலத்தில் பழைய சாமான் என்றால் மூர் மார்க்கெட்தான். அது 1985-இல் தீக்கு இரையானது. கொச்சியில் மட்டாஞ்சேரி யூதர் தெருவிலும் பழம்பொருள் கடைகள் உண்டு. ஆனால் அது வெளிநாட்டுப் பயணிகள் கூடும் இடம். விலையும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும்!

எதற்கு விலை?

ஒரு ரகசியம் உண்டு. பழம்பொருள் கடையில் மரத்துக்கு மட்டும் விலை இல்லை. சிற்ப வேலைப்பாட்டுக்கும் பழமைக்கும் சேர்த்து விலை. யாளி முகம் செதுக்கிய நாற்காலிக்குப் பணக்காரர்கள் போட்டி போடுவார்கள். வேலைப்பாடு இல்லாத சாதாரண பெஞ்சை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

குடும்பத்துக்கு வேண்டியது அந்தச் சாதாரண பெஞ்சுதான்! பிள்ளைகள் படிக்க மேஜை, துணி வைக்க அலமாரி, பெரியவர் சாய நாற்காலி. இவற்றை மரத்தைப் பார்த்து வாங்குங்கள். வயதைப் பார்த்து வாங்காதீர்கள். "இருநூறு வருஷத்துச் சாமான்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காகக் காசு கூடக் கொடுக்காதீர்கள்.

பார்த்து வாங்குங்கள்

மெருகு ஏற்றாத சாமானாகவே வாங்குங்கள். விலை குறைவு. குறையும் மறையாது.

சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். இழுப்பறையை உருவிப் பாருங்கள். புது மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசிப் பழசு என்று விற்பவர்களும் உண்டு. அடியிலும் உள்ளேயும் அந்தப் புரட்டு வெளிப்பட்டுவிடும்.

சின்னச் சின்னத் துளைகள் தெரிகிறதா? தட்டிப் பாருங்கள். மாவு போல் புதுத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்கிறது. அதை வாங்க வேண்டாம்.

கட்டில், பிரம்பு நாற்காலி இவற்றின் இடுக்கில் மூட்டைப்பூச்சி இருக்கலாம். அதை ஒழித்த பிறகே வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

வாசலை அளந்துகொண்டு போங்கள். மாடிப்படி திரும்பாத கட்டிலை வாங்கி என்ன பயன்? வண்டி வாடகை, தச்சர் கூலி, மெருகுச் செலவு மூன்றையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்போதும் கட்டுப்படியானால்தான் அது மலிவு.

இவை வேண்டாம்

கோவில் சிலை, தேர்ச் சிற்பம் போன்றவற்றை யார் கொண்டுவந்தாலும் தொடாதீர்கள். அவை ஊருக்குச் சொந்தம். 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பழைய சிலைகளைப் பதிவு செய்யவும் வேண்டும். அழகுக்கு வாங்கி வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

தூண், நிலை, உத்தரம் ஆகியவற்றை வாங்கும்போதும் யோசியுங்கள். நாற்காலியை விற்றாலும் வீடு நிற்கும். தூணை விற்றால் வீடு நிற்குமா? தூணுக்கு ஆசைப்படுகிறவர்கள் பெருகப் பெருக, இடிபடும் வீடுகளும் பெருகும். உட்கார ஒரு நாற்காலிக்காக எந்த வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை.

முதல் கடை எது?

கடைகளுக்கெல்லாம் முந்திய கடை ஒன்று இருக்கிறது. அங்கே காசு வேண்டாம். அது உங்கள் வீட்டுப் பரண்!

பாட்டியின் மரப்பெட்டி அங்கே தூசி படிந்து கிடக்கிறது. தாத்தாவின் சாய்வு நாற்காலி துணி கிழிந்து கிடக்கிறது. "இடத்தை அடைக்கிறது" என்று தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் விறகு விலை கொடுக்கிறார். அதே நாற்காலி மெருகு ஏறிப் பட்டணத்துக் கடையின் கண்ணாடிக்குள் போய் உட்காருகிறது.

ஒரு துண்டுத் துணி, ஒரு நாள் தச்சுக் கூலி, கொஞ்சம் உப்புத்தாள். இவ்வளவு செலவழித்தால் தாத்தா நாற்காலி பேரனுக்கும் உழைக்கும்.

தன் வீட்டு நாற்காலியை விறகு விலைக்கு விற்றுவிட்டு, அடுத்த வீட்டு நாற்காலியைத் தங்க விலைக்கு வாங்குவது என்ன கணக்கு? கடைக்குக் கிளம்பும் முன், ஏணியை எடுத்துப் பரண் மேல் ஏறிப் பாருங்கள்!