ஏலக்காய் டப்பாவும் கைப்பேசியும்

"மேல் தட்டிலே நீல டின், டின்னுக்குள்ளே சம்புடம், சம்புடத்துக்குள்ளே ஏலக்காய்" என்று சொல்லி அனுப்புகிறோம். போனவர் வெறுங்கையோடு திரும்பி வருகிறார். தட்டில் டின் இல்லையா, டின்னில் சம்புடம் இல்லையா? கேட்டால் விழிக்கிறார்!

இந்தத் தொல்லை சமையலறையோடு நிற்கவில்லை, சகோதரிகளே! கைப்பேசிக்குள்ளும் புகுந்திருக்கிறது.

எங்கள் அடுத்த வீட்டு மருமகள் கைப்பேசிச் செயலிகள் எழுதுகிறவள். எந்த வேளைக்கு எத்தனை மாத்திரை என்று காட்ட, மாமியாருக்காகவே ஒரு செயலி எழுதினாள். டாக்டர் புது மாத்திரை கொடுத்த அன்று இரவு, அது திறந்ததும் பட்டென்று மூடிக் கொண்டது. மாமியார் தண்ணீர் டம்ளரும் கையுமாக நின்றார்.

"என்னம்மா ஆயிற்று?" என்றேன்.

"டிக்‌ஷனரிக்குள் டிக்‌ஷனரி, அக்கா!" என்றாள்.

டிக்‌ஷனரி என்றால் அவர்கள் பாஷையில் பெயர் ஒட்டிய டப்பாக்களின் அடுக்கு. பெயரைச் சொன்னால் உள்ளே இருப்பது கிடைக்கும். 'அம்மா' என்ற டப்பாவுக்குள் மருந்தின் பெயர், அதற்குள் 'இரவு', அதற்குள் மாத்திரைக் கணக்கு.

ஆப்பிள் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழியில் அவள் எழுதியிருந்தாள். அந்த மொழி உஷாரானது. எந்த டப்பாவைக் கேட்டாலும், 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்றே நினைக்கும். ஆச்சரியக்குறி போட்டால், 'நிச்சயம் இருக்கிறது' என்று நாம் சத்தியம் செய்வதாக அர்த்தம். சத்தியம் பொய்த்தால் செயலி அங்கேயே நின்று விடும். கேள்விக்குறி போட்டாலோ, ஒவ்வொரு படியிலும் 'இருக்கிறதா?' என்று கேட்டுப் போகும். எங்கே இல்லையோ அங்கிருந்தே 'இல்லை' என்று திரும்பி வரும். இரண்டு கேள்விக்குறி போட்டு, 'இல்லாவிட்டால் இதைக் கொடு' என்றும் எழுதி வைக்கலாம்.

அவசரத்தில் அவள் ஆச்சரியக்குறிகளை எடுத்துவிட்டுக் கேள்விக்குறிகளைப் போட்டாள். கடைசியில், 'இல்லாவிட்டால் பூஜ்யம்' என்று முடித்தாள். செயலி சமர்த்தாகத் திறந்து, "இன்று இரவு: 0 மாத்திரை" என்றது. மாமியார் நிம்மதியாகப் படுக்கப் போனார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. "டாக்டர் சீட்டைப் பாரேன்" என்றேன். சீட்டில் இரவுக்கு ஒன்று என்று எழுதியிருந்தது! புது மருந்தைப் பதியும்போது 'இரவு' என்பதற்குப் பதில் 'ராத்திரி' என்று எழுதியிருக்கிறாள். நமக்கு இரண்டும் ஒன்று. கைப்பேசிக்கு வேறு வேறு. பாதித் தூக்கத்தில் எழுப்பி மாத்திரை கொடுத்தாள்.

இலங்கையில் பிறந்த ஆங்கிலேய நிபுணர் டோனி ஹோர், 1965-ல் ஒரு கணினி மொழியில், 'எதையும் சுட்டவில்லை' என்பதற்கு ஓர் அடையாளம் வைத்தார். பலர் அதைச் சோதிக்க மறந்ததால் வந்த நஷ்டங்களை எண்ணி, 2009-ல் அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். அத்தனை பெரியவருக்கே அப்படி என்றால், நம் மருமகளைக் கோபிப்பானேன்?

இப்போது அவள் செயலியில் பூஜ்யம் இல்லை. டப்பா அகப்படாவிட்டால், "குறிப்பு இல்லை, சீட்டைப் பாருங்கள்" என்று எழுத்துக் கூட்டிச் சொல்கிறது. 'வேண்டாம்' வேறு, 'தெரியாது' வேறு அல்லவா?

நீங்களும் ஏலக்காய்க்கு ஆள் அனுப்பினால், இல்லை என்று வருகிறவரிடம், "எது இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். சம்புடத்தை நேற்று நீங்களே இடம் மாற்றி வைத்திருக்கலாம்!