சாமிக்கு ஒரு தண்ணி, சனத்துக்கு ஒரு தண்ணி

சித்திரையில் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு அழகர் ஆத்துக்குக் கிளம்புவார். அவர் இறங்க வைகை அணை திறக்கும். மீதி நாளில் ஆத்தில் இறங்குவது சாக்கடை. 2025 மே மாசம் முதலமைச்சர் வருகிறார் என்று பந்தல்குடி வாய்க்காலைத் துணித்திரை கட்டி மறைத்தார்கள். விஷயம் வெளியே நாறிய பிறகு அவரே வந்து பார்த்தார்.

சாக்கடை கலந்தால் தண்ணியில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் கழிவே தின்றுவிடும். கெண்டை மேலே வந்து வாயைப் பிளக்கும், பிறகு செத்து மிதக்கும். காற்றைக் குடிக்கிற விரால் கொஞ்சம் தாங்கும். அதே சாக்கடைக் குழிக்குள் இறங்கி மூச்சுமுட்டிச் சாகிறவன் யார் என்று நமக்குத் தெரியாதா?

சட்டம் இல்லாமலா? 1897-லேயே வெள்ளைக்காரன் மீன்வளச் சட்டம் போட்டான். நீரில் விஷம் கலந்து மீனைக் கொன்றால் ரெண்டு மாசம் வரை சிறை, இல்லாவிட்டால் 200 ரூபாய் வரை அபராதம். 1974-இல் வந்த நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, தெரிந்தே ஆற்றில் கழிவு விடுவதைத் தடுக்கிறது. ஆனால் கண்மாயில் ரெண்டு கெண்டை பிடித்த சேரிப் பையனைத்தான் திருடன் என்று கட்டி வைப்பார்கள்.

'ஆற்றைக் காப்போம்' என்கிற நகரத்து நண்பர்களிடம் நான் கேட்பது, காவல் யார் கையில்? மேலவளவை நினைத்துப் பாருங்கள். தனி ஊராட்சியில் தலைவராக வென்ற முருகேசன், மதுரை கலெக்டர் ஆபீசுக்கு வந்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, 1997 ஜூன் 30 அன்று இன்னும் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். தலைவர் நாற்காலி வெறும் மரக்கட்டையா? கண்மாய், மீன் குத்தகை, புறம்போக்கு எல்லாம் அதைச் சுற்றித்தானே கிடக்கிறது!

அதற்காக அதிகாரியை நம்பியும் உட்கார முடியாது. மகத் நகரில் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924-இல் தீர்மானம் போட்டது. அது காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரோடு போய் அள்ளிக் குடித்தார்.

மாணவத் தோழர்களே, அந்த 1974 சட்டத்தின் 49ஆம் பிரிவைப் படியுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் கோர்ட்டில் புகார் போடலாம். புகார் போட்டவர் கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தர வேண்டும். (பொதுநலன் என்று சொல்லி மறுக்க ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள்.) வலை போடுகிறவர், குழியில் இறங்குகிறவர், செல்லூர்க் கரையில் துணி துவைக்கிற அக்கா, இவர்கள் கையெழுத்தோடு முதல் நோட்டீஸ் போகட்டும்.